மல்லிகைபோல் மணந்தவளாம் நீ

ஃபிளெக்ஸ் கடையின் மை வாடை இன்னும் என் புடவையை விட்டுப் போகவில்லை. பெரம்பலூரிலிருந்து வந்து இறங்கியதும் உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். உன் முதலாமாண்டு நினைவுநாளுக்கு உன் வீட்டுக்காரர் பேனர் வைக்கிறார். கவிதை பார்த்துச் சொல்ல என்னையும் கடைக்கு வரச் சொல்லியிருந்தார்.

கடைக்காரர் கம்ப்யூட்டரில் ஒன்றைக் காட்டினார். "மல்லிகைபோல் மணந்தவளே, மண்ணைவிட்டு மறைந்தவளே." வேறு யாரோ ஓர் அம்மாவின் படத்துக்குக் கீழே இருந்த வரி. "நல்லா ஓடுற கவிதைங்க. போட்டோவ மட்டும் மாத்திக்கலாம்" என்றார்.

"இதையே போட்டுடலாமா தங்கச்சி?" என்று கேட்டார் உன் வீட்டுக்காரர். எனக்குச் சுருக்கென்றது. இந்த மனுஷனுக்கு அதற்குள் நீ யாரோ ஆகிவிட்டாயா? ஊருக்குக் காட்டத்தான் இந்தப் பேனரா?

வேப்பந்தட்டைப் பள்ளியில் நாம் மூன்றாம் வகுப்பு படித்தபோது டீச்சர் மோனை சொல்லிக்கொடுத்தார். முதலெழுத்து ஒன்றாக வரவேண்டும் என்றார், நீ பேசாமல் ஒத்துக்கொண்டாய். உவமைக்கு வந்ததும்தான் ஆரம்பித்தாய். "முத்துப் போன்ற பல்" என்று அவர் எழுதியதும் எழுந்து நின்றாய்.

"முத்த நீங்க பாத்திருக்கீங்களா டீச்சர்?"

"இல்லடி."

"அப்பறம் எப்படி ஒத்துக்கிறது?"

"சரி, நீயே ஒண்ணு சொல்லு."

நீ என் பக்கம் திரும்பினாய். "இவ பல்லு மக்காச்சோளம் மாதிரி டீச்சர். நடுவுல ரெண்டு உதிந்துருக்கு."

வகுப்பே சிரித்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் உன்னோடு காய் விட்டேன். அன்றிலிருந்து யார் "போல" என்று ஆரம்பித்தாலும் எனக்குச் சந்தேகம்தான். பெண் பார்க்க வந்தவர்கள் என்னை மகாலட்சுமி மாதிரி என்றபோதுகூட, எவ்வளவு நகை கேட்கப்போகிறார்களோ என்றுதான் பயந்தேன்.

கடையில் நானே ஒரு வரி எழுதிக் கொடுத்தேன். "சோர்வே அறியாதவள், சொந்தமெல்லாம் காத்தவள்." மோனை சரியாக வந்திருந்தது. உன் வீட்டுக்காரர் அதை மெல்லப் படித்தார்.

"சோர்வே இல்லன்னு யாரு சொன்னா? கடைசி மாசம் தண்ணிக் குடத்த தூக்க முடியாம வாசல்ல உக்காந்து அழுதா. நான்தான பாத்தேன்."

நீ கேட்டிருக்க வேண்டியதை அவர் கேட்டுவிட்டார்.

"அப்ப நீங்களே சொல்லுங்கண்ணே" என்றேன்.

"எனக்கென்ன எழுத வரும் தங்கச்சி? நான் எது சொன்னாலும் ஏன் எதுக்குன்னு கேப்பா. இப்ப வூட்டுல எதுத்துக் கேக்க ஆளில்ல." அதைச் சொல்லிவிட்டு வெளியே ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இப்ப வூட்டுல எதுத்துக் கேக்க ஆளில்ல" என்பதையே பேனரில் போடச் சொன்னேன். "கவிதை மாதிரி இல்லீங்களே" என்றார் கடைக்காரர். பரவாயில்லை என்றேன்.

உன் வீட்டுக்காரரைச் சந்தேகப்படுவதை இன்றோடு விட்டுவிட்டேன். மற்றவர்கள்மேல் இருக்கும் சந்தேகம் அப்படியே இருக்கட்டும்டி. நீ எனக்கென்று விட்டுப்போனது அது ஒன்றுதான்.