கைகட்டி நின்ற மாப்பிள்ளைக்கு

என் அருமை மாப்பிள்ளைக்கு,

நீங்கள் போய் எட்டு மாதமாகிறது. வசந்தி நன்றாகத்தான் இருக்கிறாள் என்று நம் ஊருக்கு, உடுமலைக்குப் போனில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அண்ணன்காரன் வேறென்ன சொல்வான்?

முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன். போன வாரம் கம்பெனியிலிருந்து உங்கள் லோஹேகாவ் வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தது. பிரஸ் மெஷினின் பாதுகாப்புத் தடுப்பைக் கழற்றியது நீங்கள் இல்லையாம். வேலை வேகமாக நடக்கட்டும் என்று மெயின்டனன்ஸ் ஆள் கழற்றியிருக்கிறான். இப்போது இன்னொரு மெஷினிலும் அதையே செய்து கையும் களவுமாக மாட்டிக்கொண்டு, பழையதையும் ஒப்புக்கொண்டான். கடைசியில் இங்கிலீஷில் ஒரு வரி, வருந்துகிறார்களாம். யாரிடம் வருந்துகிறார்கள் மாப்பிள்ளை? கேட்க நீங்கள் இல்லையே!

உடுமலையிலிருந்து இந்த மராத்தி ஊருக்கு, அந்த பிம்ப்ரி தொழிற்சாலைக்கு உங்களைக் கூட்டிக்கொண்டு வந்தவன் நான். நீங்கள் ஷிஃப்ட் சூப்பர்வைசர்; நான் அதே இடத்தில் அதிகாரிகளுக்கு வகுப்பு எடுக்கிற ஆள். உங்கள் ஷிஃப்டில் ஒரு பையனுக்கு இரண்டு விரல் நசுங்கியது. நீங்கள்தான் அவனை மடியில் சாய்த்து ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனீர்கள். மூன்றாம் நாள், தடுப்பைக் கழற்றியது நீங்கள்தான் என்று உங்களையே விசாரணைக்குக் கூப்பிட்டார்கள்.

மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். இந்தப் பக்கம் நீங்கள், இரண்டு கையையும் மார்போடு கட்டிக்கொண்டு, லேசாகக் குனிந்து, பார்வையை மேஜை விளிம்பில் வைத்துக்கொண்டு. உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. நம் ஊரில் வாத்தியார் முன்னால் நீங்களும் நானும் அப்படி நின்றுதான் வளர்ந்தோம். அந்த அறையில் அதற்குப் பெயர் திமிர். கண்ணைப் பார்க்காததற்குப் பெயர் பொய்.

அன்று சாயங்காலம் நான் உங்களைக் கேட்டேன், பெரிய புத்திசாலி மாதிரி. "ஏன் மாப்பிள்ளை கையக் கட்டிட்டு நின்னீங்க? மூஞ்சியப் பாத்துப் பேசியிருக்கலாமில்ல?"

"பெரியவங்க முன்னால வேற எப்படீங்க மச்சான் நிக்கறது? அங்க ஒரு பையன் வெரலு போயிப் படுத்துக் கெடக்கறான், நானு சேர்ல சாஞ்சு உக்காந்துட்டுப் பேசறதுங்களா?"

நான் டீயைக் குடித்தேன்.

அந்த மூன்று பேருக்கும் கையைப் படிக்கச் சொல்லிக்கொடுத்தது யார்? நான்தான். பாடி லாங்க்வேஜ் என்று நாலு வருஷமாக நான் எடுத்த வகுப்பு. கோட் போட்ட வெள்ளைக்காரன் ஒருவன் கை கட்டி நிற்கிற படம். கீழே, 'எதையோ மறைக்கிறான்'. கண்ணைத் தாழ்த்தியவன் படம், கீழே, 'நம்பாதே'. இரண்டு நாள் பயிற்சியில் எவனோ எனக்கு ஓதியதை நான் இவர்களுக்கு ஓதினேன். நாம் தலையாட்டினால் ஆமாவா இல்லையா என்று தெரியாமல் விஷ்ராந்த்வாடி காய்கறிக்காரர் முழிப்பதை நடித்துக் காட்டி அவர்களைச் சிரிக்கவும் வைப்பேன். நம்மைக் கேலி செய்யத்தான் வாய் நீண்டது. நம் ஆள் கை கட்டினால் என்ன அர்த்தம் என்று ஒரு நாளாவது சொன்னேனா?

இதையெல்லாம் நீங்கள் மன்னித்துவிடுவீர்கள். 'தெரியாம நடந்ததுங்க மச்சான்' என்பீர்கள். ஆனால் தெரிந்தே செய்த ஒன்று இருக்கிறது.

விசாரணை நடுவில் தலைமை அதிகாரி வெளியே வந்தார். வராந்தாவில் நான் நின்றிருந்தேன். "தும்ஹாரா ரிஷ்தேதார் ஹை நா?" என்றார். உன் சொந்தக்காரன்தானே, இவன் எப்போதுமே இப்படித்தான் நிற்பானா என்று கேட்டார். நிஜமாகவே கேட்டார் மாப்பிள்ளை. அவருக்குச் சந்தேகம் இருந்தது. 'எங்கள் பக்கம் அது மரியாதை, சார்' என்று ஒரு வாக்கியம் போதும். எனக்கு இந்தி தெரியாதா, மராத்தி தெரியாதா?

ஆனால் சொந்தக்காரனுக்கு வக்காலத்து வாங்குகிறான் என்று நினைத்துவிடுவாரே! அந்த மாதம் என் பதவி உயர்வுக்குக் கையெழுத்துப் போட வேண்டியவரும் அவரே. நான் உதட்டைப் பிதுக்கினேன். அவ்வளவுதான். எனக்கென்ன தெரியும் என்கிற மாதிரி. அதை மட்டும் அந்த மனுஷர் சரியாகப் புரிந்துகொண்டு உள்ளே போனார்.

உங்களை வேலையை விட்டு அனுப்பினார்கள். ஒரு குடோன் வாசலில் காவலுக்குச் சேர்ந்தீர்கள். விரல் போன பையன் வீட்டில் உங்களை ஏறிட்டுப் பார்க்க மறுத்தார்கள், அதுதான் உங்களை அரித்தது. நாலாவது மாதம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தீர்கள். டாக்டர் மாரடைப்பு என்றார். நானும் எல்லோரிடமும் அப்படியே சொன்னேன். எனக்குப் பதவி உயர்வு வந்தது. அந்தப் படங்களை அழித்துவிட்டேன் என்று வீரம் பேசமாட்டேன். இன்னும் என் கம்ப்யூட்டரில்தான் இருக்கின்றன. சீ, என்ன பிழைப்பு!

கடிதம் வந்த அன்று வசந்தி வீட்டில் அக்கம்பக்கம் கூடியிருந்தது. அவள் எனக்குக் காபி கொடுத்துவிட்டு எல்லோரிடமும் சொன்னாள்: "எங்கண்ணன் அன்னிக்கே அந்தப் பெரிய ஆபீசர்கிட்ட எவ்வளவோ மல்லுக்கட்டிப் பேசிப் பாத்தாருங்க. அவங்கதான் காதுல வாங்கல."

"உனக்கு யாரு சொன்னா?" என்றேன்.

"அவருதாங்ண்ணா. வீட்டுக்கு வந்ததும் வராததுமா அதத்தான் மொதல்ல சொன்னாரு."

மாப்பிள்ளை, அந்த அறைக் கதவு கண்ணாடிக் கதவு. நீங்கள் நின்ற இடத்திலிருந்து வராந்தா தெரியும். பேச்சு கேட்காது, முகம் தெரியும். நீங்கள் என்னைப் பார்த்தீர்களா? உதட்டைப் பிதுக்கினால் என்ன அர்த்தம் என்று அந்தக் கட்டடத்தில் உங்களைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? பார்த்துவிட்டுத்தான், என் தங்கை என்னை வெறுக்கக்கூடாது என்று அவளிடம் அப்படிச் சொன்னீர்களா?

சாவதற்கு முன்பு ஒரு தடவை என் சட்டையைப் பிடித்து உலுக்கியிருக்கலாமே!

வருகிற ஞாயிற்றுக்கிழமை லோஹேகாவ் போகிறேன். நான் உங்களுக்காக ஒரு வார்த்தை பேசவில்லை என்று வசந்தியிடம் சொல்லப்போகிறேன், அவள் முகத்தைப் பார்த்து, வாய் திறந்து. அவள் கதவைச் சாத்தினால் வெளியே நின்று சொல்வேன். அதற்குப் பிறகு எனக்குத் தங்கை இருப்பாளா என்று தெரியாது. நீங்கள் சொன்ன பொய்யை வைத்துக்கொண்டு அவள் கையால் இனி ஒரு வாய் காபி குடிக்கமாட்டேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
நீங்கள் விட்டுக்கொடுக்காத,
உங்களை விட்டுக்கொடுத்த,
உங்கள் மச்சான்