குப்பையில் கொட்டிய கேக்

ஒரு காலத்தில் என் தோழியாக இருந்தவளுக்கு,

நீ நலமாகத்தான் இருப்பாய். அதனால் கேட்கவில்லை.

அரையாண்டு லீவில் அப்பாவைப் பார்க்க ஆர்.எஸ்.புரம் வந்த என் மகள், உங்கள் வீட்டிலிருந்து ஒரு டப்பாவோடு திரும்பினாள். திறந்தால் இஞ்சி கேக். "சித்தி ஊட்டுல செஞ்சதுங்கம்மா" என்றாள். சித்தி என்ற சொல்லுக்குப் பிறகு எனக்கு எதுவும் காதில் விழவில்லை. கேக்கை அப்படியே குப்பைக்கூடையில் கொட்டினேன்.

அவள் அழவில்லை. "நான் செஞ்சதுங்கம்மா, உங்களுக்குன்னு" என்று மட்டும் சொன்னாள்.

நீ அவள் அப்பாவைக் கட்டிக்கொண்டபோதுகூட நான் இப்படிக் குன்றிப்போனதில்லை.

மறுநாள் சுக்குப் பொடியும் நாட்டுச்சர்க்கரையும் வாங்கி வந்து, அவளையே சொல்லித்தரச் சொன்னேன். எங்களிடம் ஓவன் இல்லை. குக்கரில் உப்பைப் பரப்பிச் சூடாக்கினோம். "ஒரே பக்கமா கலக்கோணுங்கம்மா, இல்லீன்னா நடுவுல குழி உழுந்துரும்" என்றாள். அப்படியே உன் பேச்சு. மாவைக் கொட்டிவிடலாமா என்று இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கலக்கினேன்.

கேக் நன்றாகவே வந்தது. உனக்கும் ஒரு துண்டு எடுத்து வைத்திருக்கிறாள். அவள் முகத்துக்காக அனுப்புகிறேன். நான் இறங்கி வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு போன் பண்ணிவிடாதே.

இப்படிக்கு,
அவளைப் பெற்றவள்