பதில் எழுத ஓர் இடம்

கொல்கத்தா

அன்புள்ள தங்கை செபஸ்தியம்மாளுக்கு,

ஆண்டவரின் சமாதானம் உன்னோடு தங்குக. முழங்கால் வலி தணிந்ததா? எனக்குச் சற்றே சோர்வு, வேறொன்றுமில்லை.

எங்கள் மருத்துவமனை ஊழியருக்கென உள்வலைத்தளம் அமைக்கிறார்கள். நிர்வாகம் அறிவிக்க நாங்கள் படிக்கும் தளமா, எல்லாரும் எழுதும் தளமா என்று கருத்துக் கேட்டார்கள். எங்களைப்போல் நோயாளியருகே நின்று பணிபுரிபவர்க்கும் சொல்ல ஏதேனும் இருக்குமன்றோ? எல்லாரும் எழுதும் தளமே வேண்டுமென்றேன்.

"ஏனுங்க ஐயா, யாரோடயும் பேசாத நீங்களா இதக் கேக்கறீங்க?" என்று சிரித்தாள், உடன் பணிபுரியும் ஒட்டன்சத்திரத்துப் பவித்ரா. நானும் சிரித்துவைத்தேன். இறுதியில் படிப்பதற்கு மட்டுமான தளமே முடிவாயிற்று.

நீயும் கோயில் அறிவிப்புகளை மட்டுமே படமெடுத்து அனுப்புகிறாய். பருப்புப்பொடி வந்தது. காரம் சரியா என்று நீ கேட்கவில்லை. அடுத்தமுறை ஏதேனும் கேட்டு எழுது, பதில் எழுதுவேன்.

பூசைக்கு மணியடித்துவிட்டது.

ராயப்பராஜ்