உங்கள் பெயரை எடுத்துவிட்டு நடந்த போட்டி

குளியலறைச் சுவருக்கு இந்தப் பொங்கலுக்கும் வெள்ளையடித்தேன். காய்ந்ததும் உங்கள் கை அடையாளம் மறுபடி மண்ணிறத்தில் தெரிகிறது. மேடையேறுமுன் உடம்பெல்லாம் பூசுவீர்களே, அந்தச் சாயம். முன்பொரு போட்டி முடிந்து குளிக்கையில் கால் வழுக்கி நீங்கள் சுவரில் ஊன்றிய கை, ஐந்து விரலும் விரிந்தபடி. மழை நாட்களில் கருகிய சீனி மாதிரி ஒரு மணமும் வருகிறது. மகள் அதன்மேல் தன் கையை வைத்து அளந்து பார்க்கிறாள். எனக்கு ஆத்திரம்தான் வருகிறது.

செத்தவரோடு கோபிக்கக் கூடாது என்கிறா மாமி. உயிரோடு இருந்தபோதும் நீங்கள் என்னைக் கோபிக்க விடவில்லையே. "போட்டி முடியட்டும் புள்ள, மறுகா எவ்வளவெண்டாலும் ஏசு" என்பீர்கள். ஒரு போட்டி முடிந்தால் அடுத்தது வந்துவிடும். இப்போது எல்லாம் முடிந்துவிட்டது. கேளுங்கள்.

நான் உங்களைக் கட்டியபோது நீங்கள் மீன் சந்தையில் ஐஸ் பெட்டி தூக்குகிறவர். பின்னேரத்தில், உடற்பயிற்சி சொல்லித்தரும் கோச்சின் தகரக் கொட்டகைக்குப் போவீர்கள். பெயின்ட் வாளியில் சீமெந்து ஊற்றிச் செய்த பாரங்கள்தான் அங்கே இருந்தன. அதைத் தூக்கியே மாவட்ட ஆணழகன் போட்டியில் வென்றீர்கள், பிறகு மாகாணத்தில். இரண்டு வருடம் கட்டாரில் பணக்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்தீர்கள். திரும்பி வந்தபோது கொட்டகை கண்ணாடி பதித்த ஜிம்மாகியிருந்தது. அதன் வாசலில், உடம்பேற்றும் சத்துப் பவுடர் விற்கும் கோச்சின் கடை. கடைப் பலகையில் உங்கள் படம். உடம்பே உங்கள் தொழிலாகிவிட்டது. சந்தையில் "டேய்" என்று கூப்பிட்ட ஆரையம்பதி ஊர் "சேர்" என்றது. அந்தச் சந்தோசத்தை நான் குறை சொல்லவில்லை. நெஞ்சில் ஒரு பக்கத்தை மட்டும் துடிக்கவைத்து மகளைச் சிரிக்க வைப்பீர்களே, அதைப் பார்க்க எனக்கும் பிடிக்கும்.

ஆனால் போட்டிக்கு முந்திய வாரங்களில் வீட்டில் வேறொரு மனிதர் இருந்தார். உப்பில்லாத கோழி, முட்டையின் வெள்ளை, அவ்வளவுதான். நானும் மகளும் மீன்குழம்பை வீட்டுக்குப் பின்னால் கோடிப்புறத்தில் இருந்து தின்றோம். வாசம் பட்டால் கோப்பை பறக்கும். உச்சி வெயிலில் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு வாவிக்கரையில் ஓடினீர்கள். வலை காயவைத்தவர்கள் "மழை எங்க பெய்யுது?" என்று கேட்டுச் சிரித்தார்கள். கடைசி நாள் தண்ணீரையும் நிறுத்தினீர்கள். மகள் செம்பு நிறையக் கொண்டுவந்தாள். வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, "குடிச்சா தோலுக்குள்ள தண்ணி நிக்கும் புள்ள. தசை வெட்டுவெட்டாத் தெரியாது" என்றீர்கள். ஒளித்து விழுங்கிய குளிசையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னீர்களா?

அந்தக் கடைசிப் போட்டியன்று மண்டபத்துக்குப் பின்னால் உங்கள் முதுகுக்குச் சாயம் பூசியது நான். இடது தோளுக்குக் கீழே ஐஸ் பெட்டியின் தகரம் கிழித்த தழும்பு. அதில் சாயம் பிடிக்காது. விரலால் அழுத்தித் தேய்க்க வேண்டும். தோல் காகிதம் மாதிரி இருந்தது. முதலாம் இடம் என்று உங்கள் பெயரை வாசித்தார்கள். வெற்றிக் கிண்ணத்தைத் தலைக்குமேல் தூக்கினீர்கள். தூக்கியபடியே கால் மடிந்து விழுந்தீர்கள்.

ஆஸ்பத்திரியில் உங்களுக்கு நினைவு இருந்தது. அதுதான் எனக்கு ஆறவில்லை. "என்ன குளிசை எடுத்தனீங்க? சொன்னாத்தான் கெதியா வைத்தியம் செய்யலாம்" என்று டாக்டர் கேட்டார். கோச் முந்திக்கொண்டார். "ஒண்டுமில்ல டாக்டர், வெயில்தான்." டாக்டர் அவரை விட்டுவிட்டு உங்களைக் கேட்டார். நீங்கள் கோச்சைப் பார்த்தீர்கள். பக்கத்தில் நின்ற என்னைப் பார்க்கவில்லை. "ஒண்டும் எடுக்கல" என்றீர்கள்.

அன்று பின்னேரமே உங்கள் இதயம் நின்றது. தண்ணீரை வெளியேற்றும் குளிசையை அளவுக்கு மிஞ்சி எடுத்திருக்கிறீர்கள் என்று பிறகு டாக்டர் சொன்னார். "சொல்லியிருந்தா கட்டாயம் காப்பாத்தியிருப்பன் எண்டு சொல்ல ஏலாதம்மா. ஆனா நேரம் கிடைச்சிருக்கும்." சொன்னால் கிண்ணத்தைப் பறித்துவிடுவார்கள் என்று பயந்தீர்கள், இல்லையா? பறிக்கட்டுமே! அது இப்போது அலுமாரியின் மேல் தூசி பிடித்துக் கிடக்கிறது. செத்த வீட்டில் ஒருவன் உங்கள் கையை அமத்திப் பார்த்து, "என்ன உடம்பு!" என்றான். அவனை எழுப்பி வெளியே அனுப்பினேன்.

இப்போது மட்டக்களப்பு டவுனில் கந்தோர்களில் வேலை செய்பவர்களுக்குச் சாப்பாட்டுப் பார்சல் கொடுக்கிறேன். உங்கள் ஆண்டுத் திவசம் முடிந்த கையோடு கோச் வீட்டுக்கு வந்தார்.

"தங்கச்சி, அவன்ட பேரில ஆணழகன் போட்டி ஒண்டு வைக்கப் போறம். கிண்ணத்த நீதான் குடுக்கோணும்."

"குடுக்கிறன் கோச். ஆனா மேடைக்குப் பின்னால தண்ணி வைங்க. ஏறுற எல்லாரும் எனக்கு முன்னால ஒரு கிளாஸ் குடிச்சிட்டு ஏறட்டும். டாக்டர் ஒராளும் நிக்கோணும்."

அவர் சிரித்தார். "விசர்க்கதை கதைக்காதகா. தண்ணி குடிச்சா கட் எல்லாம் போயிரும். ஒருத்தனும் வரமாட்டான்."

"அப்ப என்ட மனிசன்ட பேரை எடுங்க."

"அவனுக்குத்தான மரியாதை செய்யிறம்."

"அவர் என்னத்தால செத்தவர் எண்டு மேடையில சொல்லுவீங்களா?"

வைத்த பிளேன்ரீயைக் குடிக்காமல் எழும்பிப் போனார்.

பெயரை எடுத்துவிட்டார்கள். தண்ணீர் வைப்பதைவிட அது அவர்களுக்குச் சுலபமாக இருந்தது. பார்சல்களைக் கொடுத்துவிட்டு பஸ்ஸில் திரும்பும்போது ஊர்ச் சந்தியில் ஒரு வேலியில் போட்டி பேனர் கட்டியிருந்ததைக் கண்டேன். முகம் தெரியாத ஓர் ஆணின் முதுகு, இரண்டு கையும் மடக்கி உயர்த்தியபடி. கீழே பவுடர் கடையின் விளம்பரம். இடது தோளுக்குக் கீழே சாயம் பிடிக்காத கீறல். பெயர் வேண்டாம், முதுகு மட்டும் வேண்டுமாம். யாருடையதென்று ஊரில் எவனுக்குத் தெரியும் என்று நினைத்திருப்பார்கள்.

மணியடித்து இறங்கினேன். வெறும் கூடைகளை நிலத்தில் வைத்துவிட்டு கீழ்க் கயிறுகளை அவிழ்த்தேன். மேலே எட்டவில்லை. பக்கத்தில் நின்ற காத்தான்குடி ஓட்டோக்காரர் எட்டிப் பார்த்தார்.

"என்னக்கா செய்றீங்க? இது போட்டி போர்ட் எல்லுவா?"

"என்ட மனிசன்" என்றேன்.

அவர் என்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு இறங்கிவந்து, சீற்றுக்கு அடியில் கிடந்த கத்தியால் மேல் முடிச்சுகளை அறுத்துத் தந்தார். சுருட்டுவதற்கு மறுமுனையையும் பிடித்தார்.

போட்டி நடந்தது. யாரோ ஒருவன் வென்றான். ஆஸ்பத்திரிக்கு எவரையும் கொண்டுபோகவில்லை என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். குசினிக் கூரை ஒழுகும் இடத்துக்கு அந்த பேனர் நல்லது என்றா மாமி. நான் விடவில்லை. ஏன் விடவில்லை என்று எனக்கே தெரியாது. அதற்கும் கோபம்தான்.

உங்களுடைய பழக்கங்கள் எல்லாவற்றையும் இந்த வீட்டிலிருந்து துரத்திவிட்டேன். உப்பும் தேங்காய்ப்பாலும் தாராளம். ஒன்றை மட்டும் துரத்த முடியவில்லை. கலியாணம் முடித்த புதிதில் நான் குனிந்து நெல் மூட்டையை இழுத்தபோது ஓடிவந்து கையைப் பிடித்தீர்கள். "முதுகால தூக்காத புள்ள. கால அகட்டி வை. குந்து. பாரத்த நெஞ்சோட அணை. மறுகா காலால எழும்பு." திரும்பத் திரும்பச் செய்ய வைத்தீர்கள், எனக்குச் சிரிப்பு வரும்வரை.

இன்று காலை அரிசி மூட்டை வந்தது. கொண்டுவந்தவன் வாசல் படலையடியிலேயே போட்டுவிட்டுப் போனான். காலை அகட்டினேன். குந்தினேன். நெஞ்சோடு அணைத்தேன். எழும்பி, குசினிவரை நடந்து, இறக்கினேன். முதுகு நோகவில்லை.

என் உடம்பைக் காப்பாற்ற உங்களுக்குத் தெரிந்திருக்கிறது.