பூச்சட்டித் துண்டில் ஒரு பெயர்

குட்மேய்ஸ்
14 நவம்பர் 2024

மதிப்பிற்குரிய திருமதி கமலேஸ்வரி அவர்களுக்கு,

உங்கள் கணவரின் கண் சிகிச்சை நல்லபடி முடிந்திருக்கும் என்று நம்புகிறேன். நான் நலம்.

நீங்கள் பல தடவை தொலைபேசியில் அழைத்தீர்கள். வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை. பேசினால் என் குரல் நடுங்கும். எழுதினால் நடுங்காது.

செவ்வாய்க்கிழமை இல்ஃபோர்ட் கிரேக்க வரலாற்று வகுப்புக்கு நீங்கள் பிந்தி வந்து, கணவரை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவர முந்திப் போய்விட்டீர்கள். ஆகவே முடிவை நானே அறிவிக்கிறேன். வாத்தியார் மிஸ்டர் ஹார்லோ ஒரு பூச்சட்டியை உடைத்து, ஆளுக்கொரு துண்டு தந்து, அதில் ஒரு பெயரைக் கீறிப் பானையில் போடச் சொன்னார். பழைய ஏதென்ஸில் ஒருவனை ஊரை விட்டு அனுப்ப அதுதான் வழியாம். குற்றமும் வேண்டாம், விசாரணையும் வேண்டாம். இவன் மிஞ்சிப் போய்விட்டான் என்று ஊர் நினைத்தால் போதும். அதிகத் துண்டுகள் யார் பெயருக்கு விழுகின்றனவோ அவன் பத்து வருடம் வெளியே.

எனக்கும் டெரெக் என்ற அந்தக் கணக்காளருக்கும் சரிசமமாக வந்தது. பானையில் ஒரு துண்டுதான் மிச்சம். மிஸ்டர் ஹார்லோ அதை அப்படியும் இப்படியும் திருப்பி, "இது கிரேக்கமும் இல்லையே!" என்றார். தமிழ். அதை வாசித்துச் சொல்லும் வேலையும் எனக்கே வந்தது. "சிவமலர்" என்று வாசித்தேன். எல்லாரும் கை தட்டினார்கள்.

அந்த அறையில் தமிழ் எழுதத் தெரிந்தவர்கள் இருவர். நான் என் பெயரை எழுதவில்லை.

என் கணவர் போனபின் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்த என்னை அந்த வகுப்பில் சேர்த்தவர் நீங்கள். இப்போது வெளியே போகச் சொன்னவரும் நீங்கள். போகிறேன். இனி வகுப்புக்கு வரமாட்டேன்.

உங்கள் குடை என் வீட்டில் இருக்கிறது. யாரையாவது அனுப்பி எடுத்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
திருமதி சிவமலர் சிவானந்தன்


ஸ்ட்ரெதம்
18 நவம்பர் 2024

என் அன்பு மலர்,

அறுபது வருடத்தில் முதல் தடவையாக என்னை "நீங்கள்" என்று எழுதியிருக்கிறீர். கொன்வென்டில் உம்மால் நானும் சேர்ந்து முழங்காலில் நின்ற நாளிலும் இவ்வளவு நோகவில்லை. கடிதத்தோடு குசினிக்குள் அடுப்படியில் நின்றபோது இவர் வந்து, "ஆர் செத்தது?" என்று கேட்டார். "நான்தான்" என்றேன்.

நடந்ததைக் கேளும். ரயில் பிந்தி, மூச்சு வாங்க ஓடி வந்தேன். எல்லாரும் தலையைக் குனிந்து எதையோ கீறிக்கொண்டிருந்தார்கள். என்ன செய்யவேண்டும் என்று பக்கத்துப் பெண்ணிடம் கேட்டேன். "ஒரு பெயரை எழுதிப் பானையில் போடுங்கள்" என்றாள். பெயர் எழுதிப் போடுவதென்றால் அது தேர்தல்தானே, மலர்? டிசம்பரில் வகுப்பின் கிரேக்க விருந்து வருகிறது, அதற்குத் தலைவியைத் தெரிவு செய்கிறார்கள் என்று நினைத்தேன். உம்மை விட்டால் வேறு யாரை எழுதுவேன்?

தமிழில் எழுதியது ஏன் தெரியுமா? அந்தச் சனங்கள் உமக்குப் போடமாட்டார்கள் என்று பயந்தேன். தோற்றாலும், ஒருத்தி எழுதினாள் என்பதாவது உமக்குத் தெரியட்டும் என்று நினைத்தேன்.

நேற்றுத்தான் புத்தகத்தைப் பார்த்தேன். அந்த ஊரில் அநேகம் பதவிகளுக்கு ஆளைக் குலுக்கல் முறையில் எடுப்பார்களாம். பெயர் எழுதுவது துரத்துவதற்காம். என்ன ஊரப்பா அது! பெண்களின் கையில் அந்தத் துண்டைக் கொடுக்கவும் மாட்டார்களாம். கொடுக்காதது எவ்வளவு நல்லது என்று இப்போது விளங்குகிறது.

ஆனால் ஒன்று சொல்லுவேன், கோபியாதையும். நான் போட்டது ஒரு துண்டுதான். மற்றத் துண்டுகளை நான் எழுதவில்லை. டெரெக்கின் ஆங்கில உச்சரிப்பைத் திருத்தியது யார்? வாயில் பிஸ்கட்டோடு பேசவேண்டாம் என்று அந்தப் பெண்ணுக்குச் சொன்னது யார்?

குடைக்கு ஆள் அனுப்பமாட்டேன்.

உம்முடைய,
கமலா


குட்மேய்ஸ்
21 நவம்பர் 2024

கமலா,

உம்முடைய கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். முதல் தடவை நம்பவில்லை. இரண்டாம் தடவை கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியிருந்தது.

நம்புகிறேன். வந்ததும் வராததுமாக, விசாரிக்காமல் கையெழுத்து வைக்கிறவர்தானே நீர்.

ஆனாலும் வரமாட்டேன். நீர் சொன்னது சரி, மற்றத் துண்டுகள் இருக்கின்றன. என்னை வேண்டாம் என்றவர்களின் நடுவில் போய் எப்படி இருப்பேன்? பிஸ்கட் விடயத்தில் என் பக்கமே நியாயம்.

ஏதென்ஸில் மரியாதையான வீட்டுப் பெண் தறியோடு உள்ளே இருப்பாளாம். குடத்தோடு ஊற்றடிக்குப் போகிறவளுக்குத்தான் நாலு பேரின் பேச்சும் சிரிப்பும். மிஸ்டர் ஹார்லோ அந்த ஊற்றடிப் படத்தைக் காட்டியபோது, உள்ளே இருக்கிறவளே மேலானவள் என்று உம் காதில் சொன்னேன். நினைவிருக்கிறதா? இந்தச் செவ்வாய் வகுப்பு நேரத்தில் பெட்டியில் கிடந்த பழைய சேலைகளையெல்லாம் மறுபடி மடித்தேன். மடித்து முடித்தபோது வகுப்பு பாதிக்குக்கூட வந்திராது.

மலர்


ஸ்ட்ரெதம்
27 நவம்பர் 2024

அன்பு மலர்,

நேற்று வகுப்பில் எழும்பி நின்று என் பிழையைச் சொன்னேன். சிரிப்பு அடங்க நெடுநேரம் எடுத்தது. பிறகு, "அவவைத் திருப்பிக் கூப்பிட ஏலாதோ?" என்று கேட்டேன். உம்முடைய ஹார்லோ மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, ஏலும் என்றார். பாரசீகப் படை வந்தபோது, துரத்திவிட்ட ஆட்களை ஏதென்ஸ் தானே திருப்பிக் கூப்பிட்டதாம். வீடும் காணியும் அவர்களுடையதாகவே இருந்ததாம்.

"இங்கே படை ஒன்றும் வரவில்லையே" என்றார் டெரெக்.

"விருந்து வருகுதே! உங்களில் ஆருக்குச் சமைக்கத் தெரியும்?" என்றேன்.

முதலில் உயர்ந்தது டெரெக்கின் கைதான். பிறகு எல்லாக் கைகளும். வகுப்பு முடிய அவர் என்னிடம் வந்து, "அறையில் ஆகப் பெரியவர் யாரோ அவர் பெயரைத்தானே எழுதச் சொன்னார்கள்? நான் வேறு யாரை எழுதுவது?" என்றார். போன கிழமை பிழையாக உச்சரித்துவிட்டு நீர் இருக்கிற கதிரையைத் திரும்பிப் பார்த்தாராம்.

பிஸ்கட் பெண் மட்டும் கொஞ்சம் யோசித்துத்தான் தூக்கினாள். பொய் சொல்லமாட்டேன்.

வாரும். வரும்போது ஒன்றுக்கு மறுமொழியும் கொண்டு வாரும். நீர் யாரைத் துரத்தப் பார்த்தீர்?

கமலா


குட்மேய்ஸ்
29 நவம்பர் 2024

என் அன்புக் கமலா,

செவ்வாய்க்கிழமை வருகிறேன். அவர்கள் கேட்டுக்கொண்டதால் மட்டும் என்று டெரெக்கிடம் சொல்லும். உமக்கு உண்மையைச் சொல்லலாம். கடிதத்தை வாசித்துவிட்டு, நடுப்பகலிலேயே படுத்து நன்றாகத் தூங்கினேன். இந்த மாதத்தில் அப்படித் தூங்கவில்லை.

விருந்துக்கு எள்ளுருண்டை செய்யப் போகிறேன். கிரேக்கர் கலியாண வீடுகளில் எள்ளும் தேனும் சேர்த்த பலகாரம் கொடுப்பார்களாம். ஆகவே சர்க்கரை இல்லை, தேன்தான். நீர் உளுந்து வடையோடு வந்து நிற்கவேண்டாம். பிஸ்கட் பெண்ணுக்கு நானே முதல் உருண்டையைக் கொடுப்பேன். வாயில் வைத்துக்கொண்டு பேசினாலும் பேசாமல் இருப்பேன். அன்றைக்கு மட்டும்.

நான் எழுதியது ஹார்லோவின் பெயரை. ஒவ்வொரு கிழமையும் பிந்தி வந்து, ஒரு மன்னிப்பும் கேட்காத மனுசன். பேனாவால் எழுதியதால் அழிந்துபோய், அவர் அதை வெறும் துண்டு என்று ஒதுக்கிவிட்டார். அவரிடம் சொல்லிக்கொடாதையும்.

குடை இங்கேயே இருக்கட்டும். மழையென்றால் உமக்கும் ஒரு ஒதுங்கிடம் வேண்டும் அல்லவா?

இன்னொன்று. உம்முடைய துண்டை அன்றைக்கு மேசையில் விட்டுவர மனம் வரவில்லை. எறியவென்றுதான் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்தேன். இப்போது அதைக் கழுவித் துடைத்து, என் கணவருடைய படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். "இஞ்சை பாருங்கோ, தேர்தலில வெண்டிட்டன். வாக்குப் போட்டது ஒராள்தான்" என்று இன்று காலை அவரிடம் சொன்னேன்.

உம்முடைய,
மலர்