நாரா குலத்தாளின் கூந்தல்

3 ஜூன் 2025
சீனத் தொடருக்குத் தமிழ் சப்டைட்டில். பத்தாம் தேதிக்குள் கேட்கிறார்கள். சீனாவை ஆண்ட மஞ்சு இனத்தில் நாரா என்று ஒரு பெரிய குலம், அரண்மனைக்கே பெண் கொடுத்தவர்கள். ஒருத்தியைக் கணவனோடு சாகச் சொன்னார்களாம். ஒருத்தி திரைக்குப் பின்னாலிருந்து நாட்டை ஆண்டாள். இன்னொருத்தி கடைசியில் அரசையே எழுதிக்கொடுத்தாள். என் தொடரில் வருகிறவள் ஒரு பட்டத்து ராணி. சொந்தப் பெயர்கூடத் தெரியவில்லை. நாரா குலத்தாள், அவ்வளவுதான்.

4 ஜூன்
அவள் கூந்தலை வெட்டிக்கொள்ளும் காட்சி. வசனமே இல்லை, கத்தரிச் சத்தம் மட்டும். திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். நம்மவர்களுக்குப் புரியாதே என்று நானே கீழே ஒரு வரி சேர்த்தேன்: 'கணவனோ மாமியாரோ இறந்தால்தான் மஞ்சுப் பெண் கூந்தலை வெட்டுவாள்.' ஆனால் அரசன் உயிரோடு இருக்கிறான், அவன் தாயும்தான்.

என் மனைவி ஸ்நேகா சாலைக் கடைத்தெருவுக்குப் போயிருந்தபோது அவள் போன் அடித்தது, நான் எடுத்தேன். விழிஞ்ஞம் துறைமுகத்துக் கப்பல் கம்பெனி. அவளுக்கு வேலை கிடைத்துவிட்டதாம். இப்போதைக்கு வேண்டாம் என்றேன். தினமும் பஸ், ஷிஃப்ட் வேலை – அவள் நல்லதற்குத்தானே? நேரம் பார்த்துச் சொல்ல வேண்டும்.

6 ஜூன், வெள்ளி
எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு ஸ்நேகா பின்கட்டில் முடி உலர்த்திக்கொண்டிருந்தாள். முதுகு மட்டும் தெரிந்தது. சத்தியமாக, ஒரு கணம் என் பெண்டாட்டி என்றே தோன்றவில்லை. பயந்துபோய்க் கூப்பிட்டேன்.

"என்ன, பேயைப் பாத்தாப்ல நிக்கறேள்?" என்றாள். பிறகு, "கம்பெனிலேர்ந்து இன்னும் விளிக்கலை, கேட்டேளா."

நான் உள்ளே வந்துவிட்டேன்.

7 ஜூன்
ஹெட்போனைக் கழற்றினாலும் கத்தரிச் சத்தம்.

8 ஜூன்
அந்த ராணி மறுவருஷமே செத்துப்போனாள். வேட்டைக்குப் போன அரசன் திரும்பி வரவில்லை. தனிக் கல்லறைகூட இல்லாமல் வேறொருத்தியுடையதில் ஓரமாக வைத்தார்கள். அவளுக்கு என்ன கோபம்? யாராவது கேட்டார்களா?

கம்ப்யூட்டர் அணைந்ததும் இருட்டுத் திரையில் எனக்குப் பின்னால் ஒருத்தி. திரும்பினால் ஸ்நேகா. எவ்வளவு நேரமாக நின்றாள்? "அந்தக் கூந்தல் குறிப்பு நன்னா எழுதியிருக்கேள்" என்றாள்.

9 ஜூன்
"கம்பெனிக்கு நானே விளிச்சுக் கேட்டேன். 'சார் அன்னிக்கே வேண்டான்னு பறஞ்சல்லோ'ங்கறா அங்க இருக்கற குட்டி."

ஸ்நேகா குரலை உயர்த்தவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பஸ், மழை என்று என்னென்னவோ உளறினேன். நான் இல்லையாடி உனக்கு என்றுகூடக் கேட்டேன்.

10 ஜூன்
மறுபடியும் அந்தச் சத்தம். காதைத் தொட்டுப் பார்த்தேன். ஹெட்போன் இல்லை. சத்தம் பாத்ரூமிலிருந்து வந்தது.

12 ஜூன்
வேலையை இன்னும் வேறு யாருக்கும் கொடுக்கவில்லையாம். பெட்டியோடு புறப்பட்டாள். விழிஞ்ஞத்தில் ஒரு சிநேகிதியோடு தங்கப் போகிறாள். கழுத்தோடு கத்தரித்த முடி. எதிர்வீட்டு மாமி வாசலில் நின்று, "ஐயோ, ஏன்டி இப்படி?" என்றாள்.

"அவரைக் கேளுங்கோ மாமி. அவருக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு, கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டைப் பார்க்க நடந்தாள்.

மாமி என்னைப் பார்த்தாள். கணவனோ மாமியாரோ இறந்தால்தான் என்று எழுதியவன் நான். என் அம்மா போய் ஏழு வருஷம் ஆகிறது.