அரசக்காணியின் முதற்கதிர்

வரியாறு வற்றாது ஒழுகுக. அதன் இருகரையும் உடையாது நிற்க. உப்பங்காற்றை எதிர்த்து நெல் விளைவிக்கும் குடிகளின் தலைவியும், கடைமடை நாடுடையவருமாகிய காரிநங்கைப் பிராட்டியார் திருமுன்பு, செங்கழனிக் கோமான் பெருவிறல் சேந்தனாரின் பயிர்க்காவல் அமைச்சன் நக்கன் பூதி தலைதாழ்த்தி எழுதியனுப்பும் ஓலை.

தங்கள் ஏரிகள் நிறைந்திருக்கவும், தங்கள் குடிகள் நோயின்றி உண்டு உறங்கவும், மாரிக்காலந்தோறும் தங்களை வாட்டும் முழங்கால் வலி இவ்வாண்டேனும் தணிந்திருக்கவும் வேண்டுகிறேன். முறைப்படி சொல்ல வேண்டிய வாழ்த்துகள் இன்னும் பல உண்டு. அவற்றைச் சொல்லும் பொறுமை இன்று எனக்கில்லை. ஓலையின் ஓரம் கிழிந்திருப்பதைக் கண்டு குறையாக எண்ணவேண்டாம். அவசரத்தில் எழுத்தாணி வழுக்கிவிட்டது.

செய்தி இதுதான், பிராட்டியாரே. ஆற்றுவழியே படகேறி, மூடுபல்லக்கில் தங்களை நோக்கி வந்துகொண்டிருக்கும் முதற்கதிர் நோய்ப்பட்டது. அப்பல்லக்கின் திரை தங்கள் மண்ணில் விலகுமானால், இன்று கதிர் வெளிவரும் தறுவாயில் தொண்டைக்கதிராய் நிற்கும் தங்கள் பயிரும், அதை நம்பியிருக்கும் நாடு முழுதின் விதைநெல்லும் போய்விடும். எனக்குப் பயமாயிருக்கிறது. அமைச்சன் ஓலையில் எழுதத்தகாத சொல் அது, எழுதிவிட்டேன்.

தாங்கள் அறிந்ததே ஆயினும் அடியிலிருந்து சொல்கிறேன். பயம் பிடித்தவனுக்கு வேறுவிதமாய்ச் சொல்ல வராது. ஆற்றுத்தலைப்பில் உள்ள அரசக்காணியில் முதலில் விளையும் கதிர், நீர் கடைசியாய்ச் சேரும் கடைமடைக்கே முதலாய்ச் சேரவேண்டும் என்பது நம் நாட்டு வழக்கம். தங்கள் குடிகள் அதிலிருந்து ஒவ்வொரு தாளாய் எடுத்துத் தத்தம் வயலின் நடுவே நட்ட கழியில் கட்டுவர்; உதிர்ந்த மணிகளை விதைநெல்லோடு கலப்பர்; பின் மிஞ்சியது ஊர் ஊராய் மேலேறி மறுபடி தலைமடைக்குத் திரும்பும். நல்ல கதிராயிருந்தால் இதைவிட நல்ல வழக்கம் இல்லை. நோயுள்ள கதிராயிருந்தால், ஒரு வயல்கூடத் தப்பாமல் நாமே நம் கையால் நோயைக் கட்டிவிட்டு வருகிறோம் என்றுதான் பொருள்.

அரசக்காணிக்கு நோய் எப்படி வந்தது என்று தாங்கள் கேட்கக்கூடும். அன்பினால் வந்தது. இளங்கோமான் முடிசூடிய முதலாண்டு இது என்பதால், அவர் வயலுக்கு எரு கொடுப்பதில் ஊர்களுக்குள் போட்டி மூண்டுவிட்டது. ஓர் ஊரார் வண்டி வண்டியாய்ச் சாணம் கொணர்ந்தனர் என்று கேட்ட மற்றோர் ஊரார் ஆட்டுக்கிடை போட்டனர். அதைக் கேட்டவர் வேப்பம்பிண்ணாக்கும் ஏரிவண்டலும் கொட்டினர். போதும் என்று சொல்ல எவருக்கும் வாய் வரவில்லை, அரசர் வயலுக்கு வந்த காணிக்கையை எவன் திருப்பியனுப்புவான்? பயிர் கருகருவென்று, பார்த்தவர் கண்படும்படி எழுந்தது. எருவை மிதமிஞ்சித் தின்ற பயிரைத்தான் குலைநோய் முதலில் தேடிவரும் என்பது என் அலுவலில் சேர்ந்தவன் எவனும் அறிந்த பாடம்.

அப்படியானால் பயிர்க்காவலர் எங்கே போனார்கள் என்பீர்கள். நியாயமான கேள்வி. நாட்டில் எந்த வயலாயினும், பனி காய்ந்தபின் வரப்பேறி, மூலைக்கு மூலை நடந்து, இலை புரட்டிப் பார்ப்பது அவர்கள் கடமை. அரசக்காணியில் மட்டும் அவர்கள் இறங்குவதில்லை. இறங்கக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. அரசர் வயலில் நோய் தேடுவது மரியாதையன்று என்று பரம்பரையாய் ஒதுங்கி நடக்கிறோம். இந்த மரியாதை நாசமாய்ப் போக!

முதற்கதிர் அறுக்கும் விழாவுக்குத்தான் நான் அவ்வயலில் கால்வைத்தேன். மேளம் முழங்கிக்கொண்டிருந்தது. அரிவாளுக்கு வழிவிடக் கதிர்களை ஒதுக்கியபோது, ஒரு கதிர் கழுத்தோடு ஒடிந்து என் உள்ளங்கையில் விழுந்தது. கழுத்துக்கணு கறுத்திருந்தது. மணி ஒவ்வொன்றாய் நசுக்கிப் பார்த்தேன், அத்தனையும் பதர். குனிந்து பார்த்தால் இலைதோறும் கண்வடிவப் புள்ளிகள், நடுவே சாம்பல் நிறமும் ஓரத்தில் பழுப்புமாய். சுற்றிலும் சனங்கள் சிரித்துக்கொண்டு நின்றார்கள். நான் ஒடிந்த கதிரை மடியில் மறைத்துக்கொண்டேன்.

காணியின் கங்காணி விடங்கனை ஒதுக்குப்புறமாய் அழைத்துக் கேட்டேன். அவன் சொன்னதை அவன் சொன்னபடியே எழுதுகிறேன்: கதிரு பாரந்தாங்காம தலை சாஞ்சிருக்கு சாமி, அம்புட்டுத்தான், நீங்க மெனக்கெட்டுக் கலங்காதீங்க என்றான். சாய்ந்ததற்கும் ஒடிந்ததற்கும் வேறுபாடு அறியாதவனா அவன்? நெருக்கிக் கேட்டபின் அழுதுவிட்டான். பத்து நாளாத் தெரியுஞ் சாமி, சொன்னா என் தலை நிக்குமா, எனக்குப் பொண்டாட்டி புள்ள இருக்கே என்றான். அவனை நான் வெறுக்கவில்லை. அவன் பயம் எனக்கும் இருந்தது.

ஆனால் அவன் செய்த ஒரு காரியம் தங்களுக்கு ஆபத்து; கவனமாய்ப் படிக்கவேண்டும். ஒடிந்த கதிர்களையெல்லாம் விலக்கி, நிமிர்ந்து நின்றவற்றை மட்டும் பொறுக்கிக் கட்டாக்கியிருக்கிறான். ஆகவே திரையை விலக்கினால் கட்டு பொன்போல் தெரியும். நம்பவேண்டாம். அதே தூரில், அதே பனியில் நின்ற தாள்கள் அவை.

நோய் எவ்வாறு பரவுகிறது என்று எனக்குத் திட்டமாய்த் தெரியாது. காற்றில் என்பார், பனியில் என்பார், விதையில் என்பார் உளர். நான் கண்டதைச் சொல்கிறேன். வடகரை நாட்டில் இந்நோய் விழுந்த ஆண்டு நான் அங்கே தூதிருந்தேன். நோய்ப்பட்ட வைக்கோல் எந்த ஊருக்குப் போயிற்றோ அந்த ஊரில் அடுத்த போகம் பொய்த்தது. விதைநெல்லைக் குத்தித் தின்றார்கள். அதன்பின் புல்லரிசி தேடினார்கள். அதன்பின் வீடுகளைத் திறந்தபடியே விட்டுப் போய்விட்டார்கள். ஒரு வீட்டில் அடுப்பின்மேல் பானை அப்படியே இருந்தது, உள்ளே வெறும் நீர். இப்பொழுது தங்கள் நாட்டில் மேகமூட்டமும் விடியற்பனியும் ஓயவில்லை என்று கேள்விப்பட்டதிலிருந்து அந்தப் பானைதான் என் கண்முன் நிற்கிறது.

அரசரிடம் சொல்லவில்லையா என்றால், சொன்னேன். தனித்திருந்த வேளையில், ஒடிந்த கதிரை அவர் கையிலேயே வைத்துச் சொன்னேன். வேறு காணியிலிருந்து நல்ல கதிர் அறுத்து அனுப்பலாம் என்றும், அல்லது இவ்வாண்டு ஊர்வலத்தையே நிறுத்தலாம் என்றும் வேண்டினேன். அவர் நெடுநேரம் அக்கதிரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, பூதியாரே, முதலாண்டிலேயே என் கதிர் போகாவிட்டால் மண் என்னை ஏற்கவில்லை என்று சிறிய தந்தையார் சபையில் எழுந்து சொல்வார், அதற்கு நான் என்ன பதில் சொல்வேன் என்றார். அவர் குரலிலும் பயம் இருந்தது. அது கோபமாயிருந்திருந்தால் நான் இவ்வளவு கலங்கியிருக்க மாட்டேன், கோபத்தோடு வாதாடலாம்.

மறுநாள் சபையில், முதற்கதிர் வழக்கம்போல் செல்லும் என்றும், வழியில் அதைத் தடுப்பவன் எவனாயினும் தலையிழப்பான் என்றும் ஆணை பிறந்தது. படைத்தலைவன் மழவரையன் காவலாய்ப் புறப்பட்டுவிட்டான். அவன் நல்லவன், ஆனால் ஆணை என்றால் தாய்மாமனுக்கும் வழிவிடமாட்டான். படகு துறைதோறும் நின்று சிறப்புப் பெற்று வரவேண்டியிருப்பதால் மெல்ல வரும். இவ்வோலை கொணரும் ஆரூரன் கரைவழியே ஓடி அதற்கு முன் வந்துசேர்வான். ஓலையில் உள்ளது அவனுக்குத் தெரியாது. அவனுக்கு முதலில் சோறு போடச் சொல்லவும்.

இனி, செய்யவேண்டியது.

பயிரில் கொள்ளைநோய் கண்டால் எந்தக் காணியின் விளைவையும், எவரையும் கேளாமல், எரிக்கும் உரிமை பயிர்க்காவல் முத்திரைக்கு உண்டு. இன்றைய கோமானின் பாட்டனார் செப்பேட்டில் பொறித்துத் தந்த உரிமை அது. அதில் அரசக்காணி நீங்கலாக என்ற சொல் இல்லை. தேடித்தேடிப் பார்த்தேன், இல்லை. அவ்வுரிமையைக் கொண்டே எழுதுகிறேன்.

பல்லக்கை மேளதாளத்தோடு எதிர்கொள்க. கதிருக்கு உரிய மரியாதையில் ஒன்றும் குறைக்கவேண்டாம். ஆனால் துறையிலேயே, வயலும் வரப்பும் இல்லாத மணல்திட்டிலேயே, திரை விலக்காமல் பட்டோடும் பல்லக்கோடும் தீயிடுக. சாம்பலை ஆற்றில் கரைக்காது ஆழக் குழிதோண்டிப் புதைக்க. பல்லக்குச் சுமந்தவர் தலைமுழுகி, உடுத்தியதை வெந்நீரில் இட்டு மாற்றும்வரை ஒருவரும் வயற்பக்கம் போகலாகாது. அன்றுமுதல் அறுவடைவரை தங்கள் காவலர் நாள்தோறும், பனி காய்ந்தபின் மட்டுமே, வயல் இறங்கிப் பார்க்க. புள்ளி கண்ட இலையை அங்கேயே கிள்ளிச் சட்டியிலிட்டு எரிக்க. மேலெரு ஒரு பிடியும் போடாதிருக்க. புளித்த மோர் தெளித்துப் பார்க்கலாம். அது காக்கும் என்று சத்தியம் செய்ய என்னால் ஆகாது. தங்கள் பேரில் உள்ள வயலாயினும் காவலரை இறங்கவிடுக.

மழவரையன் வாளை உருவுவான். அப்பொழுது தாங்கள் ஒரு சொல்லும் பேசவேண்டாம்; தங்கள் குடிகளும் பேசவேண்டாம். இவ்வோலையை அவன் கையில் கொடுக்க. அவன் படிக்கத் தெரிந்தவன்; படித்ததும் திரும்ப வாங்கிக்கொள்க. இத்தகைய ஓலைகளைப் படித்ததும் எரிப்பது வழக்கம், இதை எரிக்கவேண்டாம். கதிர் சாம்பலானபின் கடைமடையார் தாமாகக் கிளர்ந்து செய்தார்கள் என்று யாரேனும் சொல்லப் புகுந்தால், அதை மறுக்க இவ்வோலை ஒன்றுதான் தங்களிடம் இருக்கும். எத்தனை ஆண்டாயினும் பத்திரமாய் வைக்க.

ஆரூரன் புறப்பட்டதும் நான் அரண்மனைக்குப் போகிறேன். இதில் எழுதிய அத்தனையும் கோமானிடம் நேரில் சொல்லப்போகிறேன். ஓடிவிடலாமா என்று நினைக்காமல் இல்லை. என் மனையாளும் அதைத்தான் சொல்கிறாள், கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். ஆனால் நான் ஓடினால் இம்முத்திரை பொய்யாகிவிடும், அப்புறம் தங்கள் கையில் இருப்பது வெறும் பனையோலை.

மேழியும் கதிரும் பொறித்த பயிர்க்காவல் முத்திரை இதன்கீழ் இடப்பட்டது. அரசர் பெயரால் முடிக்கும் வழக்கத்தை இவ்வோலையில் விலக்கியிருக்கிறேன்.

கதிரை எரிக்க. இது கோமான் ஆணையன்று. நக்கன் பூதி ஆணை.